மருந்து உண்ட பின் வரும் துன்பம்

நோயுற்ற ஒருவன் மருத்துவர் சொற்படி மருந்து உண்கிறான். மறுநாள் அவன் துன்பம் குறையவில்லை, முன்னிலும் மிகுகின்றது. அவன் யாது எண்ணுதல் வேண்டும்? மருந்து நஞ்சென்று வீசி எறிவதா? நோய் வெளியேறும் அறிகுறியென்று பல்லைக் கடித்துக்கொள்வதா? முன் செய்த வினையின் கடன் கழிகின்றதென்று வாளா இருப்பதா?

இவ்வினா சிறியதுபோலத் தோன்றும். எனக்கோ இது முப்பது ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கும் முள். சென்ற மழைக்காலத்தில் கொல்கத்தா நகரத்துப் பாலிகஞ்சில் தங்கியிருந்தபோது அம்முள் மீண்டும் தைத்தது. ஆதலின் இதனை எழுதுகின்றேன்.

பாலிகஞ்சில் என்னை வைத்துப் பேணிய அன்பர் நெடுநாளைக்கு முன்பே அந்நகரில் குடியேறிய தமிழர். அவர் இல்லத்திலிருந்து நடந்தால் ஏரிக்கரை. அங்கே 1935-ஆம் ஆண்டில் ஜப்பானியத் துறவி நிச்சிதத்சு புஜி நிறுவிய பௌத்தக் கோயில் இருக்கின்றது. விடியற்காலையில் அங்கே முழங்கும் பறையொலியைக் கேட்கவே நான் நாள்தோறும் நடந்து போவேன். ஓர் இரவு ஒன்பதரை மணியிருக்கும்; வெளியே மழை; தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் அவர்களுடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். அங்கே அப்போது நண்பகல்.

தோட்டத்தில் உண்ணி கடித்துத் தொடையில் வட்டமாகச் செந்தடிப்பு எழுந்திருந்தது என்றும், மருத்துவர் அதனை லைம் நோய் என்று கூறி டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார் என்றும் அவள் முந்தின நாளே சொல்லியிருந்தாள். இப்போது அவள் குரல் நடுங்கிற்று. “அம்மா, முதல் மாத்திரை போட்டு ஆறு மணி நேரந்தான் ஆகிறது. உடம்பு தூக்கிப் போடுகிறது. தலை பிளக்கிறது. அந்தத் தடிப்பு முன்னைவிடச் சிவந்துவிட்டது” என்றாள்.

“நிறுத்திவிடு கண்ணே, அந்த மருந்து உனக்கு ஆகவில்லை” என்றார் தாயார்.

“நிறுத்தாதே. மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பொறுத்துக்கொள்” என்றார் தந்தையார்.

பிறகு இருவரும் என்னை நோக்கினர். “ஐயா, நீங்கள் ஊர் ஊராகப் போய் நாலு பேருக்கு நல்லது சொல்கிறவர்கள். நீங்கள் சொல்லுங்கள்” என்றார் அம்மையார்.

பொறுமையைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குச் சொற்கள் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். அன்று நா எழவில்லை. “அம்மா, எனக்குத் தெரியாது. மருந்து கொடுத்த மருத்துவரை இப்பொழுதே கேட்கச் சொல்லுங்கள்” என்றேன். அவர்கள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. உபதேசியிடம் இதனை எதிர்பார்ப்பவர் யார்?

நான் அவ்வாறு சொன்னதற்குக் காரணம் உண்டு.

உபதேசியாவதற்கு முன் நான் நூற்பாலைத் தொழிலாளி. என்னுடன் ஸ்பின்னிங் பகுதியில் வேலை செய்தவர் ஒருவர்; என்னினும் நான்கு வயது மூத்தவர்; அண்ணன் என்றே அழைப்பேன். பெயர் வேண்டாம். ஃப்ரேமில் இழை அறுந்தால், கதிர் சுழன்றுகொண்டிருக்கும்போதே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இழையைப் பிடித்து ஒட்டிவிடுவதில் அவருக்கு நிகர் அந்தப் பகுதியில் இல்லை. 1994-ஆம் ஆண்டில் அவருடைய வலக்கையில் உணர்ச்சியற்ற தேமல் கண்டு, தொழுநோய் என்று தெரிந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கினார்கள். மாதம் ஒரு முறை சுகாதார ஊழியர் கண்ணெதிரே விழுங்க வேண்டிய மாத்திரைகள்; மற்ற நாட்களுக்கு வீட்டில் உண்ண அட்டை. அக்காலத்தில் அவர் போன்றோருக்கு இரண்டு ஆண்டு மருந்து. பிற்காலத்தில்தான் அது ஓராண்டாகக் குறைந்தது. சிறுநீர் சிவக்கும், தோல் கருக்கும், அஞ்ச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வேறொன்றையும் சொன்னார்களோ இல்லையோ, அறியேன். சொல்லியிருந்தாலும் அந்நோயின் பெயரைக் கேட்டவன் காதில் அதன்பின் வேறு சொல் விழுமா?

நான்காம் மாதத்தில் தேமல்கள் சிவந்து தடித்தன. முழங்கையின் உட்புறத்து எலும்பருகே தொட்டால் மின்சாரம் பாய்வதுபோன்ற வலி. இரவில் உறக்கமில்லை. மருந்துக்கு முன் இல்லாத துன்பம் மருந்துக்குப் பின் வந்தது. “தம்பி, இந்த மாத்திரையை விட்டுவிடலாமா?” என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஞாயிறுதோறும் சங்கத்துக் கொட்டகையில் பேசத் தொடங்கியிருந்த காலம். அந்த வயதில் நான் அறியாதது ஒன்றுமில்லை என்று நினைப்பு. “அண்ணே, திருடன் வீட்டை விட்டுப் போகும்போது பானைகளை உருட்டிவிட்டுத்தான் போவான். நோய் போகிறது. மாத்திரையை விடாதீர்கள். பொறுங்கள்” என்றேன். இரண்டு அம்புகளைப் பற்றிய உவமையையும் சொன்னேன். உடலில் தைத்தது முதல் அம்பு. அதனை நினைத்து உள்ளம் புலம்புவது இரண்டாம் அம்பு. இரண்டாவதை நாமே எய்துகொள்கிறோம் என்பது அது. உவமை நல்லதே. ஆனால் முதல் அம்பைப் பிடுங்க வைத்தியனிடம் போகாதே என்று அவ்வுவமையில் எங்கும் இல்லை. அதை நான் கவனிக்கவில்லை.

அவர் பொறுத்தார். நன்றாகவே பொறுத்தார். ஏழு வாரம் ஒருவரிடமும் வலியென்று சொல்லவில்லை. மாதாந்த மருந்துக்குப் போனபோது சுகாதார ஊழியரிடமும் சொல்லவில்லை; கேட்டதற்குச் ‘சுகந்தான்’ என்றாராம். என்னிடம் சொன்னால் நான் மீண்டும் உபதேசம் செய்வேன் என்று எனக்கும் சொல்லவில்லை போலும். ஒரு நாள் ஃப்ரேமில் இழை அறுந்தது. அவர் விரல் அதனைப் பிடித்தது. பிடி நில்லாமல் நழுவிற்று. மறுபடியும் நழுவிற்று. அப்பொழுதுதான் அவர் கையைப் பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்நோக்கி மடங்கியிருந்தன.

அழைத்துக்கொண்டு ஓடினோம். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. பிரெட்னிசலோன் என்னும் மருந்தைக் கொடுத்து, சிறிது சிறிதாகக் குறைத்துப் பல மாதம் உண்ணச் செய்தார். முந்தைய மாத்திரைகளையும் நிறுத்தாமல் தொடரச் சொன்னார். “வலி வந்த வாரத்திலேயே வந்திருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். பிடியில் ஒரு பகுதி மீண்டது. விரல்கள் முழுவதும் நிமிரவில்லை. அவருக்கு ஆலையில் பஞ்சுப் பொதி எண்ணும் வேலை கொடுத்தார்கள்.

அந்த ஏழு வாரத்தில் அவர் உடலினுள் நிகழ்ந்தது யாது? இதைப் பிற்காலத்தில் நூல்களைப் பார்த்தும் மருத்துவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டேன். தொழுநோய்க் கிருமியை 1873-இல் நார்வே நாட்டு ஹான்சென் கண்டறிந்தார். அது மிக மெதுவாகப் பெருகுவது. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ரிபாம்பிசின் மருந்தோ அதனை விரைவிற் கொல்லும். ஆனால் செத்த கிருமி உடனே உடலை விட்டு நீங்குவதில்லை. அதன் சிதைவு தோலிலும் நரம்பிலும் நெடுநாள் கிடக்கும். உடலின் காவற்படை விழித்துக்கொண்டு, அச்சிதைவைப் பகைவனென்று தாக்கும்போது நரம்பு வீங்கும். முழங்கையருகே எலும்புக்கும் தசைநாருக்கும் இடையே நரம்பு செல்லும் வழி குறுகியது. வீங்கிய நரம்பு அங்கே நெரிபட்டு மடியும். இதனை எதிர்வினை என்பர். இது சிகிச்சைக்கு முன்னும் வரலாம், இடையிலும் வரலாம், முடிந்து பல மாதம் சென்றும் வரலாம். மற்றொரு வகையில் உடலெங்கும் வலியுள்ள செங்கட்டிகளும் காய்ச்சலும் தோன்றும், கண்ணையும் தாக்கும். வலுவிழப்பு தொடங்கிய ஆறு மாதத்திற்குள் தக்க மருந்து கொடுத்தால் மீளும் வாய்ப்பு உண்டு. எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று.

ஆக, நான் அவருக்குச் சொன்னதில் பாதி மெய். நோய்க் கிருமி செத்துக்கொண்டுதான் இருந்தது. மாத்திரையை விடாதீர்கள் என்றதும் சரியே. அந்தப் பாதி மெய்தான் அவர் விரலைக் கொண்டுபோயிற்று. முழுப் பொய் சொல்லியிருந்தால் யாரேனும் மறுத்திருப்பார்கள்.

பாலிகஞ்சில் அந்த இரவு உறக்கம் வராமல் கிடந்தபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. இந்தத் தவறு என்னைப்போன்ற அரைகுறைகளுக்கு மட்டும் உரியதன்று. பாலிகஞ்சிற்கு வடகிழக்கே கோப்ராவில் பழைய தொழுநோய் மருத்துவமனை உண்டு. வடக்கே சித்தரஞ்சன் சாலையில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி உண்டு. அப்பள்ளியில் 1920-களில் தொழுநோய் ஆராய்ச்சி நடத்தியவர் எர்னஸ்ட் மூயர். அக்காலத்து மருந்து நம் நாட்டு நீரடிமுத்து எண்ணெயும் அதிலிருந்து செய்த ஊசி மருந்தும். மூயர் பொட்டாசியம் அயோடைடு கொடுத்து எதிர்வினையை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தார். எதிர்வினை நோயைக் கரைக்கும் என்றும், எதிர்வினை எழாவிட்டால் நோய் அற்றது என்றும் கருதிய காலம் அது. அவர் அன்பும் அறிவும் மிக்கவர், நோயாளிகளுக்காகவே வாழ்ந்தவர். ஆயினும் அந்த முறை நிலைக்கவில்லை. இன்று எந்த மருத்துவரும் எதிர்வினையை விரும்பி அழைப்பதில்லை. வந்தால் அடக்கவே முயல்கின்றனர். துன்பத்தில் ஒரு பொருளைக் காண வேண்டும் என்னும் ஆசை எத்துணை வலியது என்பதற்கு இதனைச் சொன்னேன்.

அமெரிக்காவில் இருந்த அப்பெண்ணுக்கு வந்ததோ வேறொன்று. திருகு வடிவமுள்ள ஒருவகைக் கிருமிகள் உண்டு. லைம் நோய்க் கிருமி அவ்வகை. கனெக்டிகட்டில் லைம் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் அந்நோயின் கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் 1981-இல் உண்ணியின் குடலிற் கண்டார். மேகநோய்க் கிருமியும் அவ்வகையே. மழைக்காலத்தில் கொல்கத்தாவின் தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்து பரவும் எலிக்காய்ச்சலின் கிருமியும் அவ்வகையே. அன்றிரவு எங்கள் தெருவில் நின்ற தண்ணீரிலும் அது இருந்திருக்கலாம். இக்கிருமிகள் மருந்தால் திடீரென மடியும்போது, அவற்றின் சிதைவு குருதியிற் கலந்து, சில மணி நேரத்தில் குளிர்நடுக்கம், காய்ச்சல், தலைவலி, தடிப்பு மிகுதல் ஆகியன தோன்றும். பாதரசம் கொடுத்து மேகநோய்க்கு வைத்தியம் செய்த நாளில், 1895-இல் வியன்னாவைச் சார்ந்த யாரிஷும், 1902-இல் ஜெர்மானியரான ஹெர்க்ஸ்ஹைமரும் இதனை எழுதி வைத்தனர். (ஹெர்க்ஸ்ஹைமர் யூதர் என்ற காரணத்தால் நாஜிகளின் சிறைமுகாமில் 1942-இல் தமது எண்பத்தொன்றாம் வயதில் இறந்தார். நோயாளியின் நடுக்கத்தைக் கூர்ந்து நோக்கி எழுதிய ஒருவருக்கு மனிதர் கொடுத்த பரிசு அது.) லைம் நோய்க்கு மருந்து தொடங்கியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் இந்நடுக்கம் காண்கின்றனர். பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தணிந்துவிடும். மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

அப்படியாயின் தந்தையார் சொன்னதுதானே சரி என்று வாசகர் வினவலாம். அன்று சரியாக அமைந்தது. ஆனால் அவர் அறிந்து சொல்லவில்லை. நான் அண்ணனுக்குச் சொன்னதுபோலவே சொன்னார். அதே காய்ச்சலும் தடிப்பும் மருந்து ஒவ்வாமையாலும் வரலாம். உதடு வீங்கினால், மூச்சு முட்டினால், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கே பொறுமைக்கு இடமில்லை. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் மாத்திரையால் ஒரு சிலருக்குச் சில வாரங்களில் காய்ச்சலும் தோல் தடிப்பும் மஞ்சட்காமாலையும் வரும். அவர்களுக்கு அம்மாத்திரையை நிறுத்தியே ஆக வேண்டும். இல்லையேல் உயிருக்கு ஆபத்து. ஒரே காய்ச்சல்தான். ஒருவனுக்கு மருந்தைத் தொடர வேண்டும் என்கிறது. ஒருவனுக்கு நிறுத்து என்கிறது. மற்றொருவனுக்குத் தொடர்ந்துகொண்டே இன்னொரு மருந்தையும் சேர் என்கிறது. வலிக்கு வாய் உண்டு. ஆனால் அது பேசும் மொழி நோயாளிக்கும் தெரியாது, அவன் தாய்க்கும் தெரியாது, உபதேசிக்கும் தெரியாது.

இன்னொரு செய்தியும் உண்டு. லைம் நோய்க்கு வரையறுத்த நாட்கள் மருந்துண்டு முடித்த பின்னும் சிலருக்குச் சோர்வும் மூட்டுவலியும் நீங்காமல் நிற்கும். அத்துன்பம் மெய், அதனை நடிப்பென்று இகழ்வது கொடுமை. ஆனால் அவர்களுள் சிலர், மருந்தால் உடல் மோசமாவதே மருந்து பலிக்கும் சான்று என்று நம்பி, மாதக்கணக்கில் மருந்தை நீட்டிக்கின்றனர். அமெரிக்காவில் 2001-இலும் நெதர்லாந்தில் 2016-இலும் வெளியான சோதனைகள் அவ்வாறு நீட்டிப்பதால் நிலையான பயன் இல்லை என்று காட்டின. எவ்வளவு துன்புறுகிறேனோ அவ்வளவு குணமாகிறேன் என்பது மூயர் காலத்து எண்ணத்தின் உடன்பிறப்பே. இந்நம்பிக்கையில் ஒரு தீங்கு உண்டு. அதனை எந்தச் சான்றும் மறுக்க முடியாது. வலி குறைந்தால் மருந்து வென்றது. வலி மிகுந்தாலும் மருந்து வென்றது. எப்படிப் பார்த்தாலும் சரியாகவே இருக்கும் கொள்கையை நான் ஐயுறப் பழகிவிட்டேன்.

நம்மவரிடையே மூன்றாம் எண்ணமும் உண்டு. தொழுநோயைப் பெருநோய் என்றும் பழவினையின் பயன் என்றும் சொல்லி, வலியைக் கடன் தீர்ப்பதாகக் கொள்வது. இதனைப் பௌத்தர் என்று சொல்லிக்கொள்வோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மோளியசீவகர் என்னும் துறவி இதே கேள்வியைப் பகவான் புத்தரிடம் கேட்டார். பித்தத்தாலும் கபத்தாலும் வாதத்தாலும், பருவ மாறுதலாலும், உடலைத் தகாதவாறு பேணுவதாலும், அடிபடுவதாலும் வேதனைகள் உண்டாகின்றன. வினைப்பயன் அக்காரணங்களுள் ஒன்று மட்டுமே. எல்லாம் வினைப்பயன் என்போர் கண்கூடானதையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் மீறுகின்றனர் என்பது அங்கே பகவான் கூறிய கருத்து. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் நாம் கேட்கவில்லை என்றால் பிழை யாருடையது?

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஓர் இடம் உண்டு. வயிற்றுப்போக்கால் தன் மலசலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் ஆனந்தருடன் சேர்ந்து தம் கையாலேயே கழுவித் தூக்கிக் கிடத்தினார். நோயுற்றவனைப் பேணுவது தம்மைப் பேணுவதாகும் என்று அப்போது அவர் பிக்குகளுக்கு உணர்த்தினார். இதனை எல்லோரும் சொற்பொழிவில் எடுத்துக் காட்டுவோம். அதன் தொடர்ச்சியை எவரும் எடுப்பதில்லை. நானும் பதினைந்து ஆண்டு எடுத்ததில்லை. பேணுவதற்கு எளியவனான நோயாளி யார் என்று பகவான் ஐந்து இயல்புகளைக் கூறுகின்றார். தனக்கு ஏற்றதைச் செய்வான். அதிலும் அளவறிவான். மருந்தை உண்பான். தன் நலம் விரும்பிப் பேணுவோனிடம், நோய் மிகுந்தால் மிகுகின்றது என்றும், குறைந்தால் குறைகின்றது என்றும், நின்றபடி நின்றால் நிற்கின்றது என்றும் உள்ளபடி சொல்லுவான். கடுமையான வேதனையைப் பொறுப்பான்.

பொறுப்பது ஐந்தாவது. சொல்லுவது நான்காவது. வரிசையை வைத்து நான் வாதாட வரவில்லை. இரண்டும் ஒருவனிடமே இருக்க வேண்டும் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். நான் அண்ணனுக்கு மூன்றாவதையும் ஐந்தாவதையும் போதித்தேன்; நான்காவதைத் தின்றுவிட்டேன். அதைவிடக் கேடு, என் போதனையே அவர் வாயை அடைத்தது. வலிக்கிறது என்று சொன்னால் பொறுமையிற் குறைந்தவராகி விடுவோம் என்று அவர் அஞ்சினார். நோயாளியின் பொறுமையைப் புகழ்கிறவர்கள் இதனை நினைக்க வேண்டும். “எவ்வளவு வலி! வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை” என்று வீட்டில் பெருமையாகப் பேசுகிறோமே, அந்தப் பெருமைக்காகவே அடுத்த முறையும் அவர் சொல்லமாட்டார். தன் வலியைத் தான் பொறுப்பது அறம். பிறன் வலியைப் பொறுக்கச் சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை? அங்கே பொறுப்பவன் அவன். புண்ணியம் தேடுபவன் நான்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. அதனை அண்ணனே எனக்குச் சொன்னார். நான் பல ஆண்டு சென்று, “அண்ணே, என்னால்தானே உங்கள் கை போயிற்று” என்று அழுதபோது, “தம்பி, நீ சொல்லாவிட்டால் அன்றைக்கே மாத்திரையைக் கூவத்தில் போட்டிருப்பேன். இன்னும் பிள்ளைகளுக்கும் கொடுத்திருப்பேன். கையில் கொஞ்சந்தானே போயிற்று” என்றார். இதுவும் மெய். என் சொல்லே அவரை மருந்தில் நிறுத்திற்று. என் சொல்லே அவரை மருத்துவரிடம் போகாமல் தடுத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எவ்வாறு நிறுப்பதென்று நான் இன்றும் அறியேன். அவர் மன்னித்ததனால் கணக்குத் தீர்ந்தது என்று கொள்ளவும் மனம் ஒப்பவில்லை.

இந்தியாவில் தொழுநோய் ஒழிந்தது என்று பலர் நினைக்கின்றனர். பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே குறைந்தது என்றுதான் 2005-ஆம் ஆண்டின் முடிவில் அறிவித்தார்கள். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் நம் நாட்டினரே. மருந்து இலவசம். ஆகையால் இவ்விதழைப் படிப்போர் தெருவிலும் உறவிலும், அட்டை மாத்திரையை மறைத்து வைத்து உண்ணும் ஒருவர் இருக்கக்கூடும். அவரைக் கண்டால் உபதேசம் வேண்டாம். முழங்கை வலிக்கிறதா, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, செருப்பு தானே காலை விட்டு நழுவுகிறதா, கண் முழுவதும் மூடுகிறதா என்று கேளுங்கள். அவர் ‘சுகந்தான்’ என்பார். மறுபடியும் கேளுங்கள்.

பாலிகஞ்சில் மறுநாள் காலை, நான் ஏரிக்கரையிலிருந்து திரும்பியபோது அம்மையார் வாயிலிலேயே நின்றிருந்தார். மகள் மருத்துவரைக் கேட்டிருக்கிறாள். எதிர்பார்த்ததுதான், காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நிறையத் தண்ணீர் குடி, மருந்தைத் தொடர், மூச்சு முட்டினால் உடனே வா, நாளை மாலைக்குள் தணியாவிட்டாலும் வா என்றாராம். நடுக்கம் ஏற்கெனவே குறைந்துவிட்டதாம். “நேற்றே இதைச் சொல்லி அனுப்பியிருந்தால் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டோமே ஐயா” என்றார் அம்மையார். அதுவும் நியாயமான கேள்விதான்.

அன்று மாலை சென்னைக்குத் தொலைபேசியில் பேசினேன். அண்ணன் எடுத்தார். மழையா, வெயிலா என்றெல்லாம் பேசிவிட்டு, கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “சுகந்தான்” என்றார். மறுபடியும் கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “இடக்கை முழங்கையில் இராத்திரியில் சுரீர் என்கிறது தம்பி” என்றார்.

“எவ்வளவு நாளாக?”

“ஆடி பிறந்ததிலிருந்து.”

நாளைக் காலை முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். மருமகளைக் கூப்பிடச் சொல்லி அவளிடமும் சொன்னேன்.